ஸ்டோன்ஹெஞ்ச் ஓவியத்தை அவசரமின்றிக் கற்பியுங்கள்: ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஓவிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சை ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் தீட்டிய நீர்வண்ண ஓவியத்தை வகுப்பில் கற்பிக்கும் முறை குறித்து ஒரு வேண்டுகோள் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். என் மாணவப் பருவத்தில் அது திரையில் அரை நிமிடம் தோன்றியது. ‘ரொமாண்டிக் காலம், உணர்ச்சிப் பெருக்கு’ என்று குறிப்பெடுத்து முடிப்பதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது. உற்றுப் பார்க்கும் பழக்கம் இல்லாமலே, மனம் பொங்கினால் போதும், நிலக்காட்சி வரைந்துவிடலாம் என்ற பிழையான எண்ணம் அன்றுதான் எனக்குள் விழுந்தது.

கான்ஸ்டபிள் அப்படி வரைந்தவர் அல்லர். 1820 ஜூலை 15 அன்று ஸ்டோன்ஹெஞ்ச் நிற்கும் சாலிஸ்பரி சமவெளிக்குச் சென்று அக்கற்களைப் பென்சிலால் வரைந்துகொண்டார். அந்தக் கோட்டோவியத்தை அடிப்படையாகக் கொண்டு 1835இல் இந்த நீர்வண்ணத்தைத் தீட்டினார். இடைப்பட்ட காலத்தில், 1828இல் மனைவி மரியாவையும் 1832இல் நெருங்கிய நண்பர் ஜான் ஃபிஷரையும் இழந்திருந்தார். அந்தத் துயரம் கரிய மேகங்களிலும் அவற்றைக் கிழித்து இறங்கும் இரட்டை வானவில்லிலும் தெரிகிறது என்றே நான் நம்புகிறேன். ஆனால் அதன் பொருட்டுக் கற்களை அவர் மாற்றிவிடவில்லை. அவர் காலத்தில் சாய்ந்து நின்ற பெருங்கல்லை 1901இல்தான் நிமிர்த்தினார்கள். 1797இல் சரிந்து விழுந்த முக்கல் அமைப்பை (இரு நெடுங்கற்களின் மேல் ஒரு கல் கிடத்தியது) 1958இல்தான் மீண்டும் நிறுத்தினார்கள். ஆகவே, இன்று அங்கே செல்பவர் காண முடியாத ஒரு நிலையை இத்தாள் நமக்காகக் காத்து வைத்திருக்கிறது.

இடப்பக்கக் கீழ் மூலையில் ஓடும் முயலையும் மாணவர்களுக்குத் தயவுசெய்து காட்டுங்கள். அது தனித்தாளில் வரைந்து ஒட்டப்பட்டது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அசையாமல் நிற்கும் கற்களின் முன்னே, அடுத்த நொடியில் மறையப்போகும் ஓர் உயிர் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஓவியம் 1836இல் லண்டனின் ராயல் அகாடமி என்ற கலைக்கழகத்தில் காட்சிக்கு வந்தது. மறு ஆண்டே அவர் காலமானார்.

இந்த ஓவியத்துக்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்குங்கள் என்பதே என் வேண்டுகோள். 1820ஆம் ஆண்டுக் கோட்டோவியத்தை அருகில் வைத்து, தூரிகையைத் தொடும் முன் கற்களை மட்டும் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். சுவர் நிறையத் திரையிடும்போது, இதன் உண்மையான அளவு ஏறத்தாழ 39க்கு 59 சென்டிமீட்டர்தான் என்பதையும் சொல்லி, அந்த அளவில் வெட்டிய வெற்றுத் தாள் ஒன்றை ஒவ்வொரு மாணவர் கையிலும் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவர்களில் ஒருவன்