பதினொரு மணிக்கு ஒரு டோக்கன் கொடுங்கள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்து மருத்துவமனைகளில் புறநோயாளிகள் பிரிவைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 46. முடக்குவாதம், எங்கள் பக்கத்துப் பேச்சில் சரவாங்கி, வந்து ஆறு வருடம் ஆகிறது. எந்த மருத்துவமனைக்குப் போகிறேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அங்கே மட்டும் நாலு நாற்காலி கூடுதலாகப் போடுவார்கள். மற்ற இடமெல்லாம் அப்படியே கிடக்கும்.

டோக்கனைப் பற்றித்தான் பேச வந்தேன். ஏழு மணிக்கு ஜன்னல் திறக்கிறது என்றால் ஆறு மணிக்கே வரிசை வளைந்துவிடும். அதில் போய் நிற்க நான் நாலரைக்கு எழ வேண்டும். சீக்கிரம் எழுவது எல்லோருக்கும் சிரமம்தானே என்பீர்கள். சரவாங்கிக்காரர்களுக்கு அது வேறு சங்கதி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிற நோய் இது. வீக்கத்தைக் கிளப்பும் இன்டர்லூக்கின்-6 போன்ற பொருள்கள் ரத்தத்தில் ஏறுவது விடியற்காலையில்தான். எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விரலும் முழங்காலும் பூட்டுப் போட்ட மாதிரி இருக்கும். ஊருக்கெல்லாம் பிளவுஸுக்கு ஹூக் வைத்துக் கொடுக்கிறவள், என் ஹூக்கை மாட்ட மகளை எழுப்ப வேண்டும். வெந்நீரில் கையை வைத்து, மெல்ல அசைத்து அசைத்து, பத்து மணிக்கு மேல்தான் மனுஷியாகிறேன்.

டாக்டர் உட்கார்ந்ததும் எங்களிடம் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, “காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு இருக்கிறது?” என்பது. மூட்டுத் தேய்மானத்தையும் சரவாங்கியையும் பிரித்துப் பார்க்க அது உதவுகிறது. காலை நேரம் எங்களுக்கு எமன் என்று உள்ளே இருக்கிற டாக்டருக்குத் தெரிகிறது. வெளியே இருக்கிற டோக்கன் ஜன்னலுக்குத் தெரியவில்லை.

அடுத்தது என் முழங்கால். இடது முழங்காலின் பின்பக்கக் குழியில் ஒரு நீர்க்கட்டி. பேக்கர் கட்டி என்கிறார்கள். 1877இல் இதை விவரித்து எழுதிய ஆங்கிலேய அறுவை மருத்துவரின் பெயராம். நான் ரொட்டிக்கடை சம்பந்தமென்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூட்டுக்குள் வீக்கம் இருந்தால் நீர் அதிகமாகச் சுரக்கும். அது பின்பக்கம் உள்ள சிறு பைக்குள் போய்விடும், சுலபத்தில் திரும்பி வராது. ஒருவழிக் கதவு. காலை ஊன்றி நிற்க நிற்க, நடக்க நடக்க அழுத்தம் கூடி இன்னும் போகும். ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை நின்றால் அந்தக் கட்டியை நானே காற்றடித்து நிரப்புகிற மாதிரிதான்.

முதல் தடவை காட்டியபோது மேசையில் படுக்கவைத்து, முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டு, “கட்டி எதுவும் இல்லையேம்மா” என்றார் ஒருவர். இந்தக் கட்டி காலை நீட்டி நின்றால் கல் மாதிரி இருக்கும், மடக்கினால் மெத்தென்று ஆகிவிடும். தயவுசெய்து எங்களை நிற்கவைத்தும் பாருங்கள். (ஆமாம், அரை நிமிடம் நிற்கத் தயார். மூன்றரை மணி நேரம்தான் முடியாது.) ஊசி போட்டு நீரை எடுத்தார்கள், இரண்டே மாதத்தில் மறுபடி நிரம்பியது. சரவாங்கிக்கான மருந்து சரியான அளவுக்கு வந்த பிறகுதான் கட்டி தானாகச் சுருங்கியது.

நடுவில் ஒரு ராத்திரி அது உடைந்தது. கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து சுட்டது. சுளுக்கு என்று பக்கத்து வீட்டு அக்கா தைலத்தோடு வந்தார். நல்லவேளை, தேய்க்கவிடவில்லை. காலில் ரத்தம் உறைந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும், அதைத் தேய்த்தால் ஆபத்து என்று மறுநாள் ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுத்த டாக்டர் சொன்னார். இதைப் படத்தோடு ஒரு பலகையில் எழுதி மாட்ட எவ்வளவு செலவாகிவிடும்?

முதியோர் வரிசை இருக்கிறதே என்று காவலாளி சொல்வார். எனக்கு 60 ஆகவில்லை. பெண்களுக்கே அதிகம் வருகிற நோய் இது, பலருக்கு 30 வயதிலிருந்தே வந்துவிடுகிறது. மாற்றுத்திறனாளி வரிசையில் அட்டை கேட்பார்கள். மற்றவர்களோ, “பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க?” என்பார்கள். புடவைக்குள் முழங்கால் யாருக்குத் தெரிகிறது!

ரத்தம் எடுக்க வேண்டும், அதனால்தான் காலையில் வரச் சொல்கிறோம் என்றார் ஓர் ஊழியர். சரவாங்கிக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வழக்கமாகப் பார்ப்பது ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம். இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரைக்காரரின் சட்டத்தை எங்கள் தலையிலும் கட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிட வேண்டியது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. சீட்டில் “வாரம் 1” என்று கிறுக்காமல் “ஞாயிறு மட்டும்” என்று தமிழில் எழுதச் சொல்லுங்கள். வரிசையில் என் முன்னால் நின்ற பண்ருட்டி அம்மா தினமும் போட இருந்தார், பேச்சுவாக்கில் தெரிந்து நிறுத்தினோம்.

ஆகவே, மூட்டு நோய்க்குத் தொடர்ந்து வருகிறவர்களுக்குப் பதினொரு மணிக்கு மேல் தனி டோக்கன் வேண்டும். கைப்பிடி உள்ள, கொஞ்சம் உயரமான நாற்காலிகள் வேண்டும். தாழ்ந்த பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. கழிவறையில் ஒன்றாவது மேலை நாட்டுப் பாணியில், பூட்டி வைக்காமல்.

எனக்கு அடுத்த முறை வரும் மாதம் இரண்டாவது செவ்வாய். வழக்கம்போல மடக்கு ஸ்டூலோடு முதல் பஸ்ஸில் வருவேன். கண்டக்டர் இன்னும் அதற்கு லக்கேஜ் போடவில்லை.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூர் தையல்காரி