நாரைகளோடு வந்த எல்லோருக்கும்

ஊர்ப் பெரியவர்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு ரஷ்யப் படம் பார்த்தோமே, அதற்குக் கைகொடுத்தவர்களுக்காக இந்த மடலை எழுதுகிறேன். 1957இல் மிகைல் கலட்டோசோவ் எடுத்த 'நாரைகள் பறக்கின்றன'. அடுத்த வருஷம் கேன்ஸ் திரைப்பட விழாவில் தங்கப் பனை என்ற உயர்ந்த விருதை வாங்கிய படம்.

வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. என் அப்பாவும் பட்டாளத்தில் இருந்தவர்தான். போர்ப் படம் என்று நாம் பார்த்ததில் எல்லாம் சண்டை எல்லையில் நடக்கும், வீட்டில் இருப்பவளுக்கு ஒரு கடிதமும் இரண்டு சொட்டுக் கண்ணீரும் மிஞ்சும். இந்தப் படம் போர்முனைக்குக் கொஞ்ச நேரம்தான் போகிறது. மிச்சமெல்லாம் காதலன் போரிஸ் போருக்குப் போனபின் மாஸ்கோவில் விடப்பட்ட வெரோனிகாவோடு இருக்கிறது. இதை நம் பெண்களுக்குக் காட்ட வேண்டும் என்று இரண்டு வருஷமாக எனக்கு ஆசை.

முதல் நன்றி குரல் கொடுத்த இரண்டு கல்லூரிப் பெண்களுக்கு. கீழே ஓடும் எழுத்தை எட்டிப் பிடித்துப் படிக்க நம் அம்மாக்கள் பலருக்கு முடியாது. சரி, நாங்களே மைக்கில் வாசிக்கிறோம் என்று ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாகப் பயிற்சி எடுத்தார்கள். குண்டுவீச்சு முடிந்து வெரோனிகா எரியும் படிக்கட்டில் ஓடி வீட்டுக் கதவைத் திறக்கும் இடம் உங்களுக்கு நினைவிருக்கும். உள்ளே வீடு இல்லை. ஒரு விளக்கு தொங்குகிறது, கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா அம்மா போய்விட்டார்கள். அங்கே வசனம் இல்லை, ஆனாலும் மைக்கில் ஒரு மூச்சு கேட்டது. அதை நான் மறக்கமாட்டேன் பிள்ளைகளே.

தமிழ் வசனத்தைத் திருத்திக்கொடுத்த சென்னைப் பேராசிரியர் ஐயாவுக்கு அடுத்த நன்றி. போரிஸ் அவளைச் செல்லமாக 'பெல்கா' என்று கூப்பிடுகிறான். நான் அப்படியே விட்டிருந்தேன். "ரஷ்ய மொழியில் அதற்கு அணில் என்று அர்த்தம், அம்மா. அணில் என்றே போடு" என்றார். அந்த ஒரு சொல்லில் அவன் நம் வீட்டுப் பையன் ஆகிவிட்டான். அப்புறம் படத்தின் பெயர். அகராதி கொக்கு என்றது. எங்கள் தெரு ஆயா, "கொக்கு ஏரியில ஒத்தக்கால்ல நிக்கும், வானத்துல வரிசை கட்டிப் போறது நாரை" என்று முடித்துவிட்டார். வீட்டில் காத்திருக்கும் மனைவிக்குச் சேதி சொல்லச் சத்திமுத்தப் புலவர் கூப்பிட்டதும் நாரையைத்தானே. ஆயாவுக்கு என் வணக்கம்.

புரொஜெக்டர் கொடுத்தது கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி. வாடகை வாங்கவில்லை. வெரோனிகா பஸ்ஸில் வருவாள், இறங்கிக் கூட்டத்துக்குள் புகுவாள், டாங்கிகளுக்கு நடுவே ஓடுவாள். வெட்டே இல்லாமல் கேமராவும் கூடவே இறங்கி ஓடி, கடைசியில் மேலே எழும்பும். படம் முடிந்ததும் அந்த இடத்தை மட்டும் நாலு தடவை ஓட்டிப் பார்த்தான். ஒளிப்பதிவாளர் பெயர் செர்கேய் உருசெவ்ஸ்கி, தம்பி. நீ கேட்டதற்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பேசியிருந்த இடம் கடைசி நேரத்தில் கைவிரித்தபோது கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்ட அண்ணனுக்கும், சுக்குக் காபி போட்ட மகளிர் குழு அக்காக்களுக்கும் நன்றி.

எல்லாவற்றையும் விடப் பெரிய நன்றி, படம் முடிந்து பேசியவர்களுக்கு. போரிஸை வழியனுப்ப வெரோனிகா தாமதமாக வருகிறாள். கூட்டத்தில் அவன் கண்ணில் படவில்லை. அவள் வீசிய பிஸ்கட் பொட்டலம் கீழே சிதறி, அணிவகுத்துப் போகிறவர்களின் காலில் மிதிபடுகிறது. மூன்றாவது வரிசையில் இருந்த அக்கா எழுந்து, காட்பாடி ஸ்டேஷனுக்கு முறுக்கு டப்பாவோடு ஓடியதையும், ரயில் நகர்ந்துவிட்டதையும் சொன்னார். அந்த டப்பாவைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கி வந்ததைச் சொல்லும்போதுதான் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லையாம்.

வெரோனிகா போரிஸின் ஒன்றுவிட்ட சகோதரன் மார்க்கைக் கட்டிக்கொண்டது சரியா என்று ஒரு பெரியம்மா கோபமாகவே கேட்டார். கேட்டது நல்லது. பெற்றோரை இழந்து நிற்பவளைக் குண்டு விழும் ராத்திரியில் மார்க் பலவந்தப்படுத்துகிறான். அதை மறந்துவிட்டு அவளை எடைபோடக் கூடாது என்பது என் கட்சி. ஆனால் நான் வாயைத் திறக்கும் முன்பே பின்வரிசையில் இருந்து ஒரு சின்னப் பெண் பேசினாள். அவள் வீட்டுக்காரர் இப்போது லடாக்கில் இருக்கிறார். "ஆஸ்பத்திரியில டாக்டரா இருக்கிற போரிஸோட அப்பா, காத்திருக்காத பொண்ணுங்களைத் திட்டுறாரே, அப்ப அவ எங்க நின்னா பாத்தீங்களா பெரியம்மா? காயம்பட்டவங்களுக்குப் பணிவிடை செஞ்சுக்கிட்டு அங்கயேதான் நின்னா" என்றாள். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. தன் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, இங்க வந்து உக்காரு என்று அவளைக் கூப்பிட்டார்.

பொங்கல் லீவில் வீட்டுக்காரர்கள் வரும்போது இன்னொரு முறை போடச் சொல்லி ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள். மண்டபத்து அண்ணன் சரி என்றுவிட்டார். வாசிக்கும் பிள்ளைகளுக்கு அப்போது பரீட்சை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுச் சொல்கிறேன்.