காகத்துக்கு வைத்த சோறும் கயோட்டியும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் ஹைலண்ட் கிரீக் பள்ளத்தாக்கை ஒட்டிய தெருவொன்றில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். போன புரட்டாதிச் சனி எங்கள் வீட்டுப் பின்வளவில் நடந்ததை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

விரதச் சோற்றில் எள்ளுக் கலந்து, இலைத் துண்டில் எடுத்துப்போய் வேலியோரக் கல்லில் வைத்துவிட்டு, அம்மா "கா, கா" என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றார். காகம் வரவில்லை. வேலி இடைவெளியால் கயோட்டி வந்தது. பார்க்க நாய்போல இருக்கும், ஓநாய்க்குச் சொந்தமான காட்டு மிருகம் அது. சாம்பலும் மண்ணிறமும் கலந்த மயிர், கூரிய முகம், தொங்கிய வால். பத்தடி தள்ளி நின்று இலையையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தது. யாரோ வளர்க்கிற நாய் என்று நினைத்த அம்மா, "பாவம், பசியாக்கும்" என்று குனிந்து இலையை அதன் பக்கம் நகர்த்தினார். நான் குசினியிலிருந்து தாச்சியையும் மூடியையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்து அடித்த அடியில்தான் அது போனது. அதுவும் ஓடவில்லை. இரண்டு தரம் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு நடந்துதான் போனது. அன்றிரவு எனக்கு நித்திரை இல்லாமல் போனது அந்த நடையை நினைத்துத்தான்.

மனிதரைக் கண்டதும் ஓடி ஒளிக்கிற கயோட்டியால் எங்களுக்குப் பயமில்லை. ஆட்கள் தீனி போட்டுப் பழக்கினால் அந்தப் பயம் போய்விடும். பயத்தை இழந்ததுதான் கடிக்கும். வன்கூவர் ஸ்ரான்லி பார்க்கில் 2020 டிசம்பருக்கும் 2021 ஆகஸ்ட்டுக்கும் இடையில் ஏறத்தாழ 45 பேர் கடிபட்டார்கள். அவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். பார்க்கை மூடி, கயோட்டிகளைப் பிடித்துக் கொல்ல வேண்டி வந்தது. படம் எடுக்கும் ஆசையில்கூட அங்கே ஆட்கள் தீனி போட்டிருக்கிறார்கள். 2022இல் எங்களுக்குக் கிட்டவுள்ள பேர்லிங்டனிலும் அடுத்தடுத்துப் பலர் தாக்கப்பட்டார்கள். அங்கேயும் ஆட்கள் போட்ட சாப்பாட்டைத்தான் நகரசபை காரணமாகச் சொன்னது. தீனி போட்டவருக்கு ஒன்றும் நடப்பதில்லை. கடிபடுவது அந்தப் பக்கத்தால் நடந்துபோகும் வேறொரு பிள்ளை.

வாசகர்களை வீணாகப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் கயோட்டி தாக்கி இறந்ததாகப் பதிவானவர்கள் இரண்டே பேர். 1981இல் கலிபோர்னியாவில் ஒரு மூன்று வயதுக் குழந்தை. 2009இல் கிழக்குக் கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் தனியே நடைபாதையில் போன பத்தொன்பது வயதுப் பாடகி ரெய்லர் மிற்செல். கேப் பிரெட்டன் கயோட்டிகள் ஆட்களின் சாப்பாட்டுக்குப் பழகியவை அல்ல, மூஸ் மான்களைத் தின்று வாழ்ந்தவை என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். ஆகவே எல்லாத் தாக்குதலுக்கும் தீனிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருவில் எங்கள் கையில் இருப்பது அதுதான்.

அதைத்தான் எங்கள் ஆட்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். எலும்பையும் மிஞ்சிய கறியையும் வேலிக்கு அப்பால் எறியாதீர்கள். சாப்பாட்டுக் கழிவு போடும் பச்சைத் தொட்டியை முதல்நாள் இரவே வெளியில் வைக்காமல், விடிய வையுங்கள். காட்டு மிருகங்களுக்குத் தீனி வைப்பதை 2023 ஏப்ரலிலிருந்து ரொறன்ரோ நகரசபை சொந்தக் காணியிலும் தடை செய்திருக்கிறது. அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த இரண்டு கிழமை எடுத்தது. இப்போது சனிச் சோற்றைச் சாமிப்படத்துக்கு முன் படைத்துவிட்டு நாங்களே பகிர்ந்து சாப்பிடுகிறோம்.

நேருக்கு நேர் கண்டால் ஓடவே கூடாது. ஓடினால் அது துரத்தும். குழந்தையையும் சின்ன நாயையும் உடனே தூக்கிக்கொள்ளுங்கள். முதுகைக் காட்டாமல், கையை உயர்த்தி, தொண்டை கிழியக் கத்தி, கையில் அகப்பட்டதை அதை நோக்கி எறிந்து, மெல்ல மெல்லப் பின்வாங்குங்கள். குடையைச் சடாரென்று விரித்தாலே பெரும்பாலும் விலகிவிடும். அம்மா இப்போது வெயிலிலும் குடையோடுதான் நடக்கப் போகிறார். குட்டி போடும் வசந்த காலத்தில் சில கயோட்டிகள் தூரத்தில் நின்று பின்தொடரும். குட்டி இருக்கும் இடத்தைவிட்டு உங்களை விலக்கத்தான் அப்படி வரும். வழியை மாற்றிப் போய்விடுங்கள். விடியற்காலையிலும் மைம்மலிலும் பள்ளத்தாக்குப் பாதையில் காதில் பாட்டைப் பூட்டிக்கொண்டு தனியே நடக்கும் பெரியவர்களை நாள்தோறும் காண்கிறேன். அவர்களை நினைத்தால் மனம் பதைக்கிறது.

கடித்துவிட்டால், சிறிய கீறல்தானே என்று மஞ்சள் பூசிவிட்டு இருக்காதீர்கள். சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி வேண்டுமா என்று வைத்தியர் பார்க்க வேண்டும். தாக்க வந்தால் அவசர உதவிக்கு 911. பயமில்லாமல் வளவுக்குள் திரிந்தாலோ, யாரும் தீனி போடக் கண்டாலோ நகரசபையின் 311. தமிழ் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைத்துவிடுவார்கள். இது தெரியாமல், ஆங்கிலம் வராது என்று பேசாமல் இருந்த மூன்று வீட்டுக்காரரை எங்கள் தெருவிலேயே சந்தித்தேன்.

ஆசிரியர் ஐயா, அந்த இரண்டு இலக்கங்களையும் "ஓடாதே, கத்து" என்ற வரியையும் கோயில் விசேட விளம்பரங்களுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டு உதவுங்கள். அம்மாவும் அவருடைய சினேகிதிகளும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

இங்ஙனம்,
ஒரு வாசகி,
ஸ்காபரோ