முத்திரையில் எழுத்து மாறித்தான் இருக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் ஊர் ஆலயத்து வெள்ளி முத்திரையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு எடுத்தேன். "எழுத்துகள் இடவலம் மாறியுள்ளன, ஆசாரியின் கவனக்குறைவாக இருக்கலாம்" என்ற வரியோடு மனசு விட்டுப்போயிற்று. முத்திரையில் மாற்றி வெட்டினால்தான் அரக்கில் எழுத்து நேராக விழும். அச்சுத் தொழிலில் இருக்கும் தங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டி வந்ததே என்றுதான் வருத்தம்.

என் அப்பா அங்கே கோயில்குட்டியாராக, அதாவது ஆலய ஊழியராக இருந்தவர். பிஷப்புக்குக் கடிதம் போகும் நாளில் அப்பா அரக்கை உருக்கி உறைமேல் சொட்டவிடுவார். குருவானவர் முத்திரையில் வாயால் ஊதி, அந்த ஈரம் காய்வதற்குள் அழுத்தி எடுப்பார். இல்லாவிட்டால் அரக்கு வெள்ளியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சிவப்பு அரக்கில் சிலுவை எழும்பி நிற்பதைப் பார்க்க நாங்கள் முண்டியடிப்போம்.

பிறகு நான் முப்பது வருஷம் வெள்ளிக் கடையில் வேலை பார்த்தேன். அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். பக்கவாட்டில் உள்ள சிறு சிங்கத்தை யூதாவின் சிங்கம் என்றும், நங்கூரத்தை விசுவாசிகளின் நம்பிக்கை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேதத்தில் இரண்டும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இங்கே நடக்கும் சிங்கம் 92.5 சதவீத வெள்ளி என்பதற்கு இங்கிலாந்தில் போடும் குறி. நங்கூரம், வெள்ளியின் தரம் பார்க்கும் பர்மிங்காம் சோதனைச் சாலையின் குறி. பக்கத்தில் உள்ள ராணியின் தலை, வெள்ளிக்கு வரி கட்டியதற்கு அடையாளம். அந்த வரியே 1890இல் நின்றுவிட்டது. அப்படியிருக்க, "1920 வாக்கில் செய்யப்பட்டது" என்பது எப்படி?

"புத்தம் புதிதாகப் பளபளக்கிறது" என்று பாராட்டியது இன்னும் வலித்தது. சில வருஷங்களுக்கு முன் யாரையும் கேட்காமல் மெருகுக்குக் கொடுத்தார்கள். கறுப்போடு வெட்டின் கூர்மையும் போய்விட்டது. "வெள்ளி தேயத்தானே செய்யும்" என்று கமிட்டியில் பதில் சொன்னார்கள். ஆலயத்தைப் புதுப்பித்தபோது பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் எடைக்குப் போனதும் இதே போலத்தான். என் தாத்தாவின் பெயர் அதில் ஒன்றில் இருந்தது. அப்போது தங்கள் பத்திரிகைக்கு இரண்டு கடிதம் போட்டேன். ஒரு வரிகூட வரவில்லை.

சரி, பழையது போகட்டும். ஆசாரி மேல் போட்ட பழிக்கு ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். முத்திரையின் முகத்தை மட்டும் போடாமல், அரக்கில் பதித்த படத்தையும் போடுங்கள். வாசகர்கள் சபையின் பெயரை நேராகப் படிக்கட்டும். அரக்கு நானே வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
வருத்தத்துடன் ஒரு பழைய வாசகன்,
திருநெல்வேலி மாவட்டம்