அரெனிக் அடிவாரத்து மக்களுக்கு நன்றி

அன்புடையீர்,

அன்று வேல்ஸின் அரெனிக் வவுர் மலையில் நான் கால் ஒடிந்து இருட்டில் சிக்கிக்கொண்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. காலில் கட்டோடு படுத்தபடி எழுதுகிறேன்.

ஆபத்தில் நிமிடத்துக்கு 6 முறை விசில் ஊத வேண்டும், பதிலுக்கு 3 முறை கேட்கும் என்று படித்திருக்கிறேன். அந்த 3 சத்தம் காதில் விழும்போது மனிதன் என்ன ஆவான் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஊதியவர்கள், இருட்டில் சதுப்பைத் தாண்டி என்னைச் சுமந்த மீட்புக் குழுத் தொண்டர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள், பக்கத்து ஊரான பாலாவில் என் மனைவிக்கு விடிய விடியத் தேநீர் போட்டுக் கொடுத்த குடும்பத்தார், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. சம்பளமே வாங்காத தொண்டர்களைப் பார்த்து 'கடமையைத்தானே செய்தார்கள்' என்கிறவர்கள் மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அடிவாரத்துப் பண்ணைக்காரர் ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கால் வீங்கியிருந்ததால் என் பூட்ஸ் கயிறுகளை வெட்டித்தான் கழற்றினார்கள். பூட்ஸ் அவர் பண்ணைக் கேட்டருகே சேற்றிலேயே கிடந்துவிட்டது. மறுநாள் மருத்துவமனைக்கு ஒரு தீவனச் சாக்கு வந்தது. உள்ளே என் பூட்ஸ். அடியில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் நோண்டி எடுத்து, உள்ளே வெல்ஷ் செய்தித்தாளைத் திணித்து, தோலுக்கு மசகு பூசியிருந்தார். வெட்டிய கயிறுக்குப் பதில் வைக்கோல் கட்டும் ஆரஞ்சுக் கயிறு. நுனி பிரியாமல் நெருப்பில் உருக்கியும் இருந்தார். பெயர் சொல்லவில்லையாம். கூட வந்த நாயின் அடையாளத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுகொண்டேன். கால் ஒடிந்தவருக்கு பூட்ஸ் எதற்கு என்று நர்ஸ் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் மறுபடி நடப்பேன் என்று மருத்துவர் சொல்வதற்கு முன்பே அவர் முடிவு கட்டிவிட்டார்.

வேல்ஸிலேயே உயரமான ஸ்னோடன் மலை உச்சியில் கோடையில் வரிசையில் நிற்க வேண்டும். 854 மீட்டர் அரெனிக் வவுரில் செம்மறியாடுகள்தான் துணை, அதற்காகவே போனேன். 1943 ஆகஸ்டில் விமானம் மோதி அங்கே இறந்த 8 அமெரிக்க விமானப்படையினரின் பெயர்கள் உச்சியில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பகலில் அவற்றைப் படித்திருந்தேன். இரவில் தூங்கிவிடாமலிருக்க, நினைவில் நின்றவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இளைஞர்களைத் தேடி ஏறியவர்களும் இதே அடிவாரத்து வீடுகளிலிருந்து போயிருப்பார்களோ என்று இப்போது தோன்றுகிறது.

மீட்புக் குழுவுக்கு ஆண்டுதோறும் என்னால் ஆனதை அனுப்புவேன். பண்ணைக்கார ஐயா, கால் தேறியதும் உங்கள் வைக்கோல் கட்டுகளை ஏற்ற வருகிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.