குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. தெருவிளக்கு வேலை முடிந்தது. வாய்க்கால் வேலை தொடர்கிறது. பொங்கல் விழாவும் கண் பரிசோதனை முகாமும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது மார்கழி விடுமுறையில் போய்வந்த இரண்டு நாள் சாப்பாட்டுப் பயணத்தைப் பற்றி. முதலில் கொடைக்கானல் என்றுதான் பேச்சு. வேனும் அறையும் கணக்குப் போட்டதும் பாதிப்பேர் பின்வாங்கினார்கள். “அப்ப நம்ம பக்கத்தையே சுத்துவோம்” என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். “காரைக்குடியில இருந்துக்கிட்டு கானாடுகாத்தான் போக எதுக்குப் பணம் கட்டணும்?” என்ற கேள்வியும் எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் நம் பிள்ளைகளில் பலர் கும்மாயம் என்ற நம்மூர் இனிப்பை வாயில் வைத்ததே இல்லை. செட்டிநாட்டுச் சாப்பாடு என்றால் மிளகுக் கோழி மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். அது எனக்கு வெகுநாள் வருத்தம்.

தலைக்கு 700 ரூபாய், பிள்ளைகளுக்குப் பாதி. நகரப் பேருந்திலேயே போனோம். பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் போக்குவரத்துச் செலவு சொற்பம். ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வண்ணக் கலவை ஊற்றித் தரைக்கல் வார்ப்பதைப் பார்த்துவிட்டு, உறுப்பினர் ஒருவரின் பூர்வீக வீட்டில் இறங்கினோம். பங்காளிகள் அத்தனை பேரும் சம்மதித்துச் சாவி தந்தார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி. இரவு வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், பாய் விரித்துப் படுத்தோம்.

மதியம் வெண்டைக்காய் மண்டி. அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வைத்தது. வெண்டைக்காயே தொடாத பிள்ளைகள் மறுசோறு கேட்டார்கள். சாயங்காலம் கருப்பட்டியும் நெய்யும் மணக்கக் கும்மாயம்.

மறுநாள் காலை வெள்ளைப் பணியாரம். பச்சரிசியை உழக்கில் தலைதட்டி அளந்து, அதன்மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தார் சமையல்கார அக்கா. அவ்வளவுதான் அளவு. ஊறவைத்து வெண்ணெய்போல ஆட்டிய மாவைப் புளிக்க விடாமல் ஊற்றினார். ஒரு கரண்டி மாவு எண்ணெய்க்குள் அமிழ்ந்து, உப்பி மேலே வந்ததும் திருப்பிப்போட்டு, நிறம் மாறுமுன் எடுத்துவிட்டார். “மாவு தண்ணியாப் போனா எண்ணெய் குடிச்சிரும் தம்பி” என்றார். ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற முடியும். வரிசையில் நின்று வாங்கி வரமிளகாய்த் துவையலோடு சாப்பிட்டோம். கூடவே கவுனி அரிசி என்னும் கறுப்பரிசி. பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யப் போனவர்கள் வழியாக நம் அடுப்படிக்கு வந்த அரிசி இது. இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரிலேயே வேகவிட்டு, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்தது. திரும்பும் வழியில் பிள்ளையார்பட்டியில் தரிசனம்.

விடுதிச் சாப்பாடாக இருந்தால் இந்தப் பணம் ஒரு வேளைக்கே காணாது. வசூலில் பெரும்பகுதி மளிகைக்கும் சமையல் கூலிக்கும் போயிற்று. கூலியில் பேரம் பேசக்கூடாது என்று செயற்குழுவில் நான் வற்புறுத்தினேன், உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இந்தக் கைப்பக்குவம் உள்ளவர்கள் ஊருக்கு ஊர் குறைந்துவருகிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பது நம் கடமை.

மீதித் தொகை சங்கக் கணக்கில் வரவு வைக்கப்பட்டுள்ளது. அடுத்த பயணத்தைத் தேவகோட்டைப் பக்கம் வைத்து, மணகோலம், சீப்புச் சீடை ஆகிய பலகாரங்களைப் பிள்ளைகளே பிழியும்படி ஏற்பாடு செய்யலாம் என்பதைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். வர விரும்புவோர் ஐப்பசிக்குள் பொருளாளரிடம் முன்பணம் கட்டிப் பெயர் பதியவும்.

இப்படிக்கு,
செயலாளர்