பாலைவனத்தில் பாய்மரம்

சாண்ட்லர், அரிசோனா
அக்டோபர் கடைசி

அன்புள்ள மாலதி,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணன் பையனுக்குப் பெண் அமைந்துவிட்டதாமே, சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். மகள் வழக்கம்போல் ஃபோனை எடுப்பதில்லை. சரி, குசலம் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். இதை வாட்ஸாப்பில் துண்டு துண்டாகச் சொன்னால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சீரியல் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம்.

நாங்கள் படகு வாங்கியிருக்கிறோம். சிரிக்காதே! பாய்மரப் படகு. பரிசல் விஷயம் இவருக்கு இன்றுவரை தெரியாது, நீயும் வாயைத் திறக்காதே. கேட்டலினா 22 என்று பெயர், ஏறக்குறைய அத்தனை அடி நீளம். எண்பதுகளில் கட்டியது. பாய்மரத்தைப் படுக்கப்போட்டு, டிரெய்லரில் ஏற்றி, வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு படகு எதற்கு என்று நீ கேட்பாய். என் மாமியார் உனக்கு முன்னாலேயே கேட்டுவிட்டார்.

இந்த மாதம் அதை இழுத்துக்கொண்டு லேக் பவலுக்குப் போனோம். வடக்கே ஏறக்குறைய ஐந்து மணி நேரம், யூட்டா எல்லையில் இருக்கிறது. எங்களைப் போலவே சின்னப் படகுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அங்கே கூடி, கூட்டமாகப் பாய் விரித்துப் போவார்களாம். ஓய்வு பெற்ற நர்ஸ், லாரி ஓட்டியவர், பள்ளிக்கூடத்தில் பேண்ட் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவர் என்று எல்லாம் நரைத்த தலைகள். நாங்கள்தான் அதில் இளசுகள், நம்புவாயா? தலைவர் என்று யாரும் கிடையாது. காலையில் ரேடியோவில் ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிட்டு, இன்று எதுவரை போகலாம், எந்த மணல் திட்டில் ராத்தங்கலாம் என்று பேசிக்கொள்வார்கள். பிறகு ஆளுக்கொரு வழியாகப் போவார்கள்.

கொலராடோ ஆற்றின் குறுக்கே க்ளென் கேன்யன் என்ற பள்ளத்தாக்கில் 710 அடி உயரத்துக்குக் கான்கிரீட் அணை கட்டி, 1963-ல் மதகை மூடினார்கள். அப்படித் தேங்கிய தண்ணீர்தான் லேக் பவல். நிரம்ப 17 வருஷம் ஆயிற்று, 1980-ல்தான் முழு மட்டத்தைத் தொட்டது. நிரம்பினால் 186 மைல் நீளம். ஆனால் ஏரி என்றதும் ஒரு விரிந்த நீர்ப்பரப்பை நினைக்காதே. செங்குத்தான சிவப்புப் பாறைச் சுவர்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து போகும் தண்ணீர். இரண்டு பக்கமும் கிளைப் பள்ளத்தாக்குகள், தொண்ணூறுக்கும் மேல். சிலவற்றில் நுழைந்தால் படகைத் திருப்பக்கூட இடமில்லை. மரமில்லை, வீடில்லை. சுவர் எந்தச் சரிவில் தண்ணீருக்குள் இறங்குகிறதோ அதே சரிவில் இன்னும் நூறு இருநூறு அடி உள்ளே போகிறது. அதனால் நங்கூரம் போடுவதே பெரிய பாடு. கயிறு எட்டாது, எட்டினாலும் வழுக்குப் பாறையில் பிடிக்காது. மணல் கரையாகத் தேடிப் பிடித்து, படகின் மூக்கைக் கரையில் ஏற்றி, இரண்டு நங்கூரங்களைக் கரை மணலில் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். தோண்டுவது இவர் வேலை. உன் கொழுந்தனார் கிணறு தோண்டிய கதை ஞாபகம் வந்தது, சொன்னால் கோபித்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்று, உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. கக்கூஸையும் கூடவே கொண்டுபோக வேண்டும். அந்தக் கரையில் எதையும் விட்டுவிட்டு வரக்கூடாது, சட்டம். நம் பத்தாம் வகுப்புச் சுற்றுலாவில் கணக்கு டீச்சர் பட்ட அவஸ்தையை நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் காற்றே இல்லை. கண்ணாடித் தண்ணீரில் மோட்டாரைத் தட்டிவிட்டு டகடகவென்று போனோம். இதற்கா இத்தனை செலவு என்று நான் முணுமுணுத்தது அடுத்த படகுவரை கேட்டிருக்கும். வாஹ்வீப் என்ற படகுத்துறையிலிருந்து ஏரிக்குள் போக முன்பு ஒரு குறுக்கு வழி இருந்தது, காஸில் ராக் கட் என்று. மட்டம் இறங்கினால் அது காய்ந்துவிடும். நாங்கள் போனபோது காய்ந்துதான் கிடந்தது, அதனால் பழைய ஆற்றுப் போக்கிலேயே பத்து மைலுக்கு மேல் சுற்றினோம். குறுகலான இடம். வாடகைக்கு எடுத்த ஹவுஸ்போட்டை ஒருவர் லாரி மாதிரி ஓட்டிக்கொண்டு போனால், அதன் அலை ஒரு சுவரில் மோதித் திரும்பி, எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி, கடைசியில் நம் டீ டம்ளரில் வந்து முடியும்.

மறுநாள் பாத்ரே பே. அங்கே ஏரி அகன்று விரிகிறது. 1776 நவம்பரில் டொமிங்கஸ், எஸ்கலாந்தே என்ற இரண்டு ஸ்பானியப் பாதிரிமார்கள் வழி தவறிப் பசியோடு அலைந்து, பாறையில் படி வெட்டி இறங்கி ஆற்றைக் கடந்த இடம் அதற்கு அடியில்தான் இருக்கிறது. அதைப் பேண்ட் வாத்தியார் ரேடியோவில் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் கேட்கும் நிலையில் இல்லை. மத்தியானம் திடீரென்று காற்று கிளம்பிவிட்டது. அங்கே காற்று ஒரு திசையிலிருந்து வராது. குன்றைச் சுற்றிக்கொண்டு வரும், பள்ளத்தாக்குக்குள் புகுந்து வேகம் பிடித்து வரும், ஒரு நிமிஷம் நின்றுவிட்டு முகத்துக்கு நேரே அறையும். இவர் பாயைச் சுருக்கிக் கட்ட மேலே ஏறினார். சுக்கான் கட்டை என் கையில். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து விளிம்பில் தண்ணீர் உரசிக்கொண்டு போகிறது. நான் முருகா முருகா என்று கத்தினேனாம். காற்றுக்கு மூக்கைக் காட்டு என்று இவர் கத்த, காட்டினேன். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, படகு நிமிர்ந்தது, அவர் கட்டி முடித்தார். பிறகு ஒரு மணி நேரம் அந்தக் கட்டையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, மாலு. மோட்டார் சத்தம் இல்லை, கையில் தண்ணீரின் இழுப்பு மட்டும் தெரிகிறது. இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு பைத்தியம் பிடிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா? இப்போது வீட்டில் தோசை வார்க்கும்போதுகூடக் காற்று எந்தப் பக்கம் என்று ஜன்னலைப் பார்க்கிறேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

பாறைச் சுவர் சிவப்பு என்றேன் இல்லையா, அது மேலேதான். கீழே தண்ணீர் மட்டத்திலிருந்து பத்து மாடி உயரத்துக்கு வெள்ளை. தண்ணீர் நின்ற இடத்தில் படிந்த சுண்ணாம்பு. முழு மட்டம் கடலுக்கு மேல் 3,700 அடி. 2023 வசந்தத்தில் 3,520-க்கும் கீழே போய்விட்டது, நிரம்ப ஆரம்பித்த காலத்துக்குப் பிறகு அவ்வளவு கீழே போனதில்லை. அப்புறம் கொஞ்சம் ஏறியது, இப்போதும் நூறு அடிக்கு மேல் குறைவுதான். 3,490-ஐத் தொட்டால் மின்சாரம் எடுக்க முடியாது. படகு இறக்கும் பழைய சரிவுகள் சில தண்ணீரை எட்டாமல் பாதியில் முடிந்து நிற்கின்றன.

எங்கள் கூட்டத்தில் எண்பதைத் தாண்டிய கிழவர் ஒருவர். அணையை மூடுவதற்கு முந்தின வருஷம், பள்ளிக்கூடப் பையனாக, அப்பாவோடு ரப்பர் மிதவையில் அந்தப் பள்ளத்தாக்கு வழியே ஆற்றோடு போனவர். ராத்திரி மணலில் உட்கார்ந்திருக்கும்போது கை நீட்டிக் காட்டுவார், அந்த மூலையில் ஒரு ஊற்று, இந்த வளைவில் ஆற்றோர மரக்கூட்டம், பெரணி தொங்கும் சுவர் என்று. எல்லாம் எங்கள் படகுக்குக் கீழே. பழங்குடிகள் பல நூறு வருஷத்துக்கு முன் கட்டிய வீடுகளும் பாறைச் சித்திரங்களும் அதோடு போயின. எஸ்கலாந்தே பெயர் கொண்ட கிளைப் பள்ளத்தாக்கில் 'பாலைவனத்துக் கதீட்ரல்' என்று ஒரு குகைக்கூடம், உள்ளே சின்ன அருவி. 2005-ல் மட்டம் இறங்கி அது வெளியே வந்தபோது போய்ப் பார்த்தாராம். தண்ணீர் விலகிய கிளைகளில் வில்லோவும் காட்டன்வுட்டும் முளைத்து ஆளுயரம் வளர்ந்துவிட்டன, வண்டலை ஆறே அரித்துக்கொண்டு போகிறது, எல்லாம் திரும்பி வருகிறது என்று சொல்லும்போது அவர் குரல் மாறிவிடும். ஏரி காய்ந்தால் அவருக்குச் சந்தோஷம். ஆனால் வருஷா வருஷம் படகோடு வருவதை மட்டும் விடமாட்டார். அவர் மனைவியே கேலி செய்கிறாள்.

லாரிக்காரருக்கு இது பிடிக்கவில்லை. தண்ணீர் போனால் அணைக்குப் பக்கத்தில் இருக்கும் பேஜ் ஊரில் கடை வைத்திருப்பவன் என்ன செய்வான், மின்சாரம் எங்கிருந்து வரும் என்று அவர் கேட்க, பேச்சு சண்டையாகிவிட்டது. டேவிட் ப்ரோவர் என்று, சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் செயல் இயக்குநராக இருந்தவர், வடக்கே எக்கோ பார்க் என்ற இடத்தில் வரவிருந்த அணையைத் தடுக்கப் போராடி ஜெயித்தார். அந்தப் பேரத்தில் 1956-ல் இந்த அணையை எதிர்க்காமல் விட்டார்கள். க்ளென் கேன்யனை அவர் அப்போது பார்த்ததே இல்லை. பிறகு பார்த்துவிட்டுச் சாகும்வரை வருந்தினார். இதைக் கிழவர் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு நர்ஸம்மா என்னைப் பார்த்து, நீ என்ன நினைக்கிறாய் என்றாள்.

நான் என்ன சொல்ல? எங்கள் ஊர்க் குழாயில் வருவதில் ஒரு பங்கு அந்த ஆற்றுத் தண்ணீர். இந்த அணை விடுவது கிராண்ட் கேன்யன் வழியாக இறங்கி, கீழே ஹவாசு ஏரியிலிருந்து 336 மைல் கால்வாயில் ஏறி ஃபீனிக்ஸும் டூசானும் போகிறது. என் கறிவேப்பிலைச் செடி அதைக் குடித்துத்தான் நிற்கிறது. 1922-ல் ஏழு மாநிலங்கள் உட்கார்ந்து ஆற்றைப் பங்கு பிரித்தன, நம் காவிரி ஒப்பந்தத்துக்கு இரண்டு வருஷம் முன்னால். அப்போது நல்ல மழைக்காலம், இருப்பதைவிட அதிகமாகக் கணக்குப் போட்டுவிட்டார்கள். நவஹோ முதலான பழங்குடிகளைக் கூப்பிடக்கூட இல்லை. மேல் மாநிலம் கீழ் மாநிலம் என்று இன்றுவரை இழுபறி. 2022-ல் அரிசோனாவின் பங்கில் வெட்டு விழுந்தபோது முதல் அடி பினால் மாவட்ட விவசாயிகளுக்கு. இதெல்லாம் மேட்டூர்க்காரிக்கு நான் சொல்லித் தர வேண்டுமா?

அதனால் பதில் சொல்லாமல் உன் பாட்டியைப் பற்றிச் சொன்னேன். மேட்டூர் அணை கட்ட ஊரைக் காலி செய்தபோது அவர் சின்னப் பெண். நாம் படிக்கும்போது மட்டம் இறங்கினால் போதும், பண்ணவாடிக்குப் பஸ் ஏறிவிடுவார். தண்ணீரில் மூழ்கிய ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியின் தலை தெரிகிறதா, சர்ச் கோபுரம் எதுவரை வெளியே வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, ராத்திரி முழுக்கக் கதை சொல்வார். ஆடிப் பதினெட்டுக்கு அணை நிறைந்திருந்தாலும் அதே பாட்டிதான் முதல் ஆளாக முளைப்பாரி எடுத்துக்கொண்டு நிற்பார். இரண்டும் எப்படி ஒருத்திக்கே முடிந்தது என்று நாம் கேட்டதே இல்லை. கிழவர் இதைக் கேட்டுவிட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நந்தி எவ்வளவு பெரிது, கல்லா சுதையா, தண்ணீருக்குள் இத்தனை வருஷம் எப்படி நிற்கிறது என்று அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் எனக்குப் பதில் தெரியவில்லை. நீ சொல்.

அடுத்து ரெயின்போ பிரிட்ஜ் போனோம். புறப்பட்ட இடத்திலிருந்து தண்ணீர் வழியில் 50 மைல் இருக்கும். நடுவில் டாங்லிங் ரோப் என்று ஒரு எண்ணெய் நிலையம் இருந்தது, இப்போது மூடிவிட்டார்கள், எரிபொருளைக் கையோடு கொண்டுபோனோம். இறங்கி ஓடையோடு நடந்தால், 290 அடி உயரத்தில் கல்லாலான வளைவு. பின்னால் நவஹோ மலை. சுற்றியிருக்கும் பழங்குடிகளுக்கு அது கோயில். வளைவுக்குக் கீழே போகாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தேக்கிய தண்ணீர் அதற்கு அடியிலேயே வந்து நின்றபோது நவஹோக்கள் 1974-ல் வழக்குப் போட்டார்கள். 1980-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்களுக்கு எதிராகச் சொல்லிவிட்டது, தண்ணீர் தேக்குவதுதான் முக்கியம் என்று. எனக்கு அங்கே நின்றபோது கோபம்தான் வந்தது. ஆனால் அந்த ஏரி மட்டும் இல்லாவிட்டால் நான் பாயை விரித்துக்கொண்டு அங்கே போய் நின்றிருக்க முடியுமா என்றும் தோன்றியது. இவரிடம் சொன்னேன், முதலில் முட்டி வலிக்குத் தைலம் தேய் என்றார்.

திரும்பும் வழியில் நல்ல காற்று. பாதித் தூரம் மோட்டாரைத் தொடவே இல்லை. வெளியே வந்ததும் படகிலிருந்து சொட்டுத் தண்ணீர் விடாமல் வடித்து, சோதனைக்குக் காட்டிவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது. க்வாகா என்று ஒரு சிப்பி அந்த ஏரியில் பரவிக் கிடக்கிறது, அது வேறு ஏரிக்குப் போய்விடக் கூடாதாம். என் குடத்தைக்கூடக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள்.

நீயும் அண்ணனும் வசந்தத்தில் வாருங்கள். லைஃப் ஜாக்கெட் தருகிறேன், அழாமல் இருந்தால் போதும்.

அப்புறம் ஒரு வேலை இருக்கிறது. பாட்டி வீட்டு நிலத்துக்கு இழப்பீடு கொடுத்த காகிதம் உன் சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்ததே, இன்னும் இருக்கிறதா பார். கிடைத்தால் படம் பிடித்து அனுப்பு, பாட்டி நந்தியோடு எடுத்த படமும் இருந்தால் அனுப்பு. அந்தக் கிழவரின் விலாசம் வாங்கி வைத்திருக்கிறேன். சித்தப்பா தரமாட்டேன் என்று முறுக்கினால் என் பெயரைச் சொல்லாதே, காரியம் கெட்டுவிடும்.

அன்புடன்,
உன் சாந்தி

பி.கு.: புளியோதரைப் பொடி தீர்ந்துவிட்டது. வருபவர் யாரிடமாவது கொடுத்தனுப்பு. படகில் அதுதான் எங்களைக் காப்பாற்றியது, லாரிக்காரர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.